மாடு கறக்கும் மிரான்

முதலில் மோதிரம். அப்புறம் கைக்கடிகாரம், கொண்டையில் குத்திய ஊசி, காதில் இருக்கும் பொட்டுத் தோடு. ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டுத்தான் தாக் மிரான் கை கழுவப் போவார். முழங்கை வரைக்கும், நகக்கண் வரைக்கும் கழுவிக் கையுறை மாட்டிக்கொண்டு, ஈயச் செங்கல் சுவருக்குப் பின்னால் கையை நீட்டி, அங்கே இருக்கும் சின்னப் பீப்பாயை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். "எந்திரிடி. விடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு."

அந்தப் பீப்பாய்தான் மாடு. கிம்ச்சி ஊறுகாய் ஜாடி அளவுகூட இருக்காது. உள்ளே ஜெர்மேனியம் என்ற உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத்தானே காலியமாக மாற்றிக்கொண்டு கிடக்கிறது. ஒரு குழாயில் அமிலத் தண்ணீரைத் தள்ளினால் மறு குழாயில் காலியம் கரைந்து வரும். எல்லாம் சேர்ந்து ஐந்து மில்லி. பூசான் துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் நிற்கும் மருத்துவமனையின் நிலவறையில், பதினாறு வருஷமாக மிரானுக்கு இதுதான் வேலை. காலையில் மாடு கறக்க வேண்டும், கறந்ததைப் பெப்டைடில் ஏற்ற வேண்டும், ஏற்றியதை மாடிக்கு அனுப்ப வேண்டும்.

பெப்டைடு என்பது புரதத்தில் ஒரு துணுக்கு. சில வகைக் கட்டிகளைக் கண்டால் போதும், ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டது வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக அதன் முதுகில் ஒரு கூடை கட்டி, கூடையில் காலியத்தை உட்கார வைக்கிறார்கள். காலியத்தின் கதிரைப் பெட் ஸ்கேன் இயந்திரம் பிடித்துவிடும். கட்டி எங்கே இருக்கிறதோ அங்கே திரையில் விளக்கு எரியும். சிக்கல் என்னவென்றால், கூடையில் ஓர் ஆளுக்குத்தான் இடம். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் உள்ளே வந்தால், அது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். "இரும்பு இருக்கே, அது அழையாத வீட்டுல முதல் பந்தியில உக்கார்ற ரகம்" என்பார் மிரான்.

அதனால் அவருக்கு உலோகமே ஆகாது. மருத்துவமனைச் சாப்பாட்டுக்கூடத்தில் ஊரே எஃகுக் குச்சியால் சாப்பிடும்போது இவர் மட்டும் துணிப்பையிலிருந்து மரக்குச்சியை எடுப்பார். உடுப்பில் ஜிப் கிடையாது, நாடாதான். வீட்டில் வாணலியைக்கூட முறைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிறார் என்பது அவருடைய கணவரின் புகார். நேரத்தையும் எல்லோரையும்போல் மணிக்கணக்கில் சொல்ல வராது. கறந்த காலியம் அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். அடுத்த அறுபத்தெட்டில் அதிலும் பாதி. எனவே அவர் வாயில் அறுபத்தெட்டு நிமிடத்துக்கு 'ஒரு பாதி' என்று பெயர். "மீன் சந்தைக்குப் போயிட்டு ஒரு பாதியில வந்துடறேன்." "சோறு வேக அரைப் பாதி." ஒருமுறை பல் டாக்டரிடம், "எத்தனை பாதி ஆகும்?" என்று கேட்டாராம். "பாதிப் பல்லெல்லாம் எடுக்கறதில்லம்மா, எடுத்தா முழுசுதான்" என்று அந்த மனிதர் பயந்துபோய்ச் சொன்னாராம்.

இந்த மாட்டுப் பேச்சால் வந்த வினை இன்னொன்றும் உண்டு. மிரான் வாழ்க்கைப்பட்டது ஹாப்சோன் பக்கத்தில் நிஜமாகவே மாடு வளர்க்கும் குடும்பத்தில். அதுவும் மூத்த மருமகள். சூசோக் பண்டிகை வந்தால் முன்னோர் படையலுக்காக மூன்று நாள் அடுப்படியே கதி. நிலவறைக்கு மாடு வந்த முதல் வருஷம், அவசரத்தில் மாமியாருக்குப் போன் போட்டு, "அத்தே, இந்தத் தடவை வர முடியாது. நாலு நாள் கறக்காம விட்டா மாடு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டார். சண்டையை எதிர்பார்த்தால், மறுமுனையில் மாமியார் பதறிப்போனார். "ஐயோ, மடி கட்டிக்கிடுமே. வாயில்லாத ஜீவன். நீ வராதே தாயி, படையலை நான் பாத்துக்கிடுறேன்." அடுத்த வாரம் மருத்துவமனை முகவரிக்குப் பஸ்ஸில் ஒரு மூட்டை தவிடு வந்து இறங்கியது. மேலே 'மாட்டுக்கு' என்று எழுதியிருந்தது.

சொல்லித் திருத்த மிரானுக்கு வாய் வரவில்லை. வருஷா வருஷம் படையல் வேலையிலிருந்து தப்பித்தார். வருஷா வருஷம் தவிடு வந்தது. மாமியாரைக் கண் சிகிச்சைக்கு அழைத்து வந்த ஒரு நாள், மனசு குத்தியதில், நிலவறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வழியாக மாட்டைக் காட்டிவிட்டார். அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை லிட்டரு கறக்கும்?"

"அஞ்சு மில்லி அத்தே."

"இதுக்கா இத்தனை வருசம் தவிடு அனுப்புனேன்" என்றார். அந்த வருஷப் பண்டிகைக்கும் தவிடு வந்தது.

மாமியாரிடம் மிரான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. நாலைந்து நாள் கறக்காமல் விட்டால், உள்ளே தேங்கிய காலியம் துத்தநாகமாக மாறிவிடும். துத்தநாகம் விளக்கேற்றாது. ஆனால் கூடையில் துண்டு போட்டு இடம் பிடிக்க அதற்குத் தெரியும். ஆகவே விடுமுறைக்குப் பிறகு கறக்கும் முதல் பால் எதற்கும் ஆகாது. கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு, மாட்டுக்கு மறுபடி மடி நிறைய இரண்டு பாதி நேரம் கொடுத்து, அப்புறம்தான் கறக்க வேண்டும். நிலவறையில் அந்த முதல் பாலுக்குச் சீம்பால் என்று பெயர். பண்டிகையின் கடைசி நாள் மருத்துவமனையே வெறிச்சோடிக் கிடக்கும்போது, மிரான் தனியாக வந்து சீம்பாலை ஊற்றிவிட்டுப் போவார். பதினாறு வருஷத்தில் ஒரு பண்டிகைகூடத் தப்பியதில்லை.

இத்தனை கறாரைக் கேலி செய்யவும் ஓர் ஆள் இருந்தார். மாடியில் ஸ்கேன் இயந்திரத்தை ஓட்டிய பியோ ஓக்ஜின். மிரானைவிட எட்டு வயது மூத்தவர். குரலே அதட்டல்தான். பழைய கட்டடத்தில் நிலவறைக்கும் மாடிக்கும் நடுவே கயிற்றில் ஏறி இறங்கும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மிரான் மருந்தை ஈயக் குப்பியில் வைத்து அனுப்புவார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. 'பால் கம்மி. ஒல்லி ஆளா பார்த்து முதல்ல ஏத்து.' பெட்டி இறங்கி வரும்போது பதில் இருக்கும். 'ஒல்லி ஆள் யாருமில்லை. எல்லாரும் பண்டிகைக்குச் சாப்பிட்டுட்டு வந்திருக்காங்க.'

சாயங்காலம் வேலை முடிந்ததும் இருவரும் சரிவில் இறங்கி, மீன்வடைக் குச்சி விற்கும் வண்டிக்குப் போவார்கள். காகிதக் கோப்பையில் சூடாக ரசம் தருவார்கள். கடலிலிருந்து காற்று ஊசியாகக் குத்தும். மிரான் மரக்குச்சியை எடுத்ததும் ஓக்ஜின், "எடுத்துட்டாடி ஜப்பான் மருமவ" என்பார்; மரக்குச்சியில் சாப்பிடுவது ஜப்பான்காரர்கள் வழக்கம். பிறகு அன்றைக்கு வந்த நோயாளிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார். மிரான் அவர்களில் ஒருவரையும் பார்த்ததில்லை; சமைக்கிறவர் பந்திக்கு வருவதில்லை. ஓக்ஜின் வாய் வழியாகத்தான் அவர்கள் நிலவறைக்கு வருவார்கள். டாக்சி ஓட்டுகிறவர், படுத்ததும் குறட்டை விட்டார். கணக்கு வாத்தியார், இயந்திரம் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டே இருந்தார். கலியாணம் நிச்சயமான பெண், மோதிரத்தைக் கழற்ற மாட்டேன் என்று அழுதாள். அடுத்த நாள் மாடு கறக்கும்போது மிரானுக்கு அந்த முகங்கள் இருக்கும்.

புதுக் கட்டடம் வந்தது, கயிற்றுப் பெட்டி போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன் ஓக்ஜினும் ஓய்வு பெற்றார். இப்போது மாடியிலிருந்து பட்டைக் குறியீடு ஒட்டிய தாள் வருகிறது, அதில் பெயர் இருக்கும், எடை இருக்கும், வயது இருக்கும், முகம்தான் இருக்காது. "யாருக்குக் கறக்கறோம்னு தெரியாம கறக்கறேன்" என்று மிரான் ஒருநாள் கணவரிடம் சொன்னார். ஓக்ஜின் இல்லாமல் அவருக்கு ரொம்பவும் வெறுமையாக இருந்தது. ரசக் கோப்பை இரண்டு வாங்கிவிட்டு ஒன்றை வண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்த நாளும் உண்டு.

இந்த வருஷம் வந்த தாள்களில் ஒன்றில் ஓக்ஜின் பெயரே இருந்தது.

முகம் திடீர் திடீரென்று சிவக்கிறது, வயிற்றுப்போக்கு நிற்பதேயில்லை. எங்கோ ஒரு கட்டி இருந்துகொண்டு இரத்தத்தில் எதையோ கலக்கிக்கொண்டிருக்கிறது. மற்றப் படங்களில் அகப்படவில்லை. ஒன்றே ஒன்றாக இருந்தால் அறுத்து எடுத்துவிடலாம். ஈரலிலும் விதை விழுந்திருந்தால் கத்தியே வைக்க மாட்டார்கள். பண்டிகை முடிந்த மறுநாள் ஸ்கேன், அதற்கு அடுத்த நாள் அறுவைக்கு இடம். இதையெல்லாம் ஓரளவு அடக்கிவைத்த மாதாந்திர ஊசியை ஸ்கேனுக்காக நிறுத்தியிருந்தார்கள். ஊசி இல்லாத அந்த மாதத்தை ஓக்ஜின் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே கழித்தார்.

அதே வருஷம்தான் வசந்தத்தில் மாமியார் போய்ச் சேர்ந்தார். அவருக்கு முதல் படையல். இந்தத் தடவை மாட்டைச் சாக்குச் சொல்ல மிரானுக்கு நாக்கு எழவில்லை. போனார். பைன் இலையில் கொழுக்கட்டை அவித்தார், பணியாரம் சுட்டார், படத்துக்கு முன்னால் மது ஊற்றிக் கும்பிட்டார். கடைசி நாள் மத்தியானமே கிளம்பி வந்து சீம்பாலை ஊற்றிவிட வேண்டும் என்பது கணக்கு. மாமியாரின் தங்கைகள் இருவர் வந்து உட்கார்ந்து அழுதார்கள். எழுந்திருக்க முடியவில்லை. சரி, மறுநாள் முதல் பஸ் பிடித்தால் ஆறரைக்கு ஊற்றிவிடலாம், ஒன்பதுக்கு நல்ல பால் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். பண்டிகை முடிந்து ஊர் திரும்புகிறவர்களின் வண்டிகள் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நிலவறைக் கதவைத் திறக்கும்போது மணி ஒன்பதுக்குக் கால் மணி இருந்தது.

போன் அடித்தது. "வந்துட்டியா?" என்றார் ஓக்ஜின், மாடியிலிருந்து. அவ்வளவுதான். அதட்டல் இல்லை. மூச்சு வாங்கியது.

ஊற்ற வேண்டும் என்று மிரானுக்குத் தெரியும். ஊற்றினால் இன்னும் இரண்டு பாதி நேரம் அந்த மனுஷி காத்திருக்க வேண்டும். நாலு நாள்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் மிரான் அவர்களை நிலவறையை விட்டே துரத்தியிருப்பார். மோதிரத்தைக் கழற்றினார், கை கழுவினார், சீம்பாலைக் கறந்து நேராகப் பெப்டைடில் ஊற்றினார்.

பத்து நிமிடம் சூடு. பிறகு ஒரு சொட்டை மெல்லிய தாளில் வைத்துத் திரவத்தில் நிறுத்தினால், கூடையில் ஏறியது மேலே போகும், ஏறாதது அடியிலேயே தங்கும். இரண்டையும் வெட்டித் தனித்தனியே கதிரை எண்ண வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ஏறியிருக்க வேண்டும் என்பது மிரானே போட்ட சட்டம். எண்பத்தொன்பது ஏறியிருந்தது.

மாடியிலிருந்து ஸ்கேன் டாக்டர் பேசினார், நாம் என்பது அவர் பெயர். நாற்பது வயதுக்காரர், நல்ல மனிதர். "எண்பத்தொம்பது இருக்கே மேடம். நம்ம ஓக்ஜினம்மாதானே. அவங்களால உக்கார முடியல. குடுத்துடலாமே."

"ஏறாதது எங்க போகும் டாக்டர்?"

அது அவருக்கும் தெரியும். ஏறாதது நேராக ஈரலுக்குப் போய் அங்கே படிந்து மினுங்கும். எந்த இடத்தைத் தெளிவாகப் பார்க்க வேண்டுமோ, அந்த இடத்தில் மூடாப்புப் போட்டுவிடும். போன் கைமாறும் சத்தம் கேட்டது.

"எவ்வளவு வந்துச்சு?" ஓக்ஜின் குரல்.

"எண்பத்தொம்பது அக்கா."

"சீம்பாலை ஊத்துனியா இல்லையா?"

"ஊத்தல."

"ஏன்டி?"

"நீ பேசுனது கேக்க முடியல."

"பதினாலு வருஷம் மேலேருந்து கத்தினேன். ஒரு நாளாவது அசைஞ்சியா? இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?" மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "அதைத் தூரப் போடு. வேற பெப்டைடு இருக்கா?"

"ஒன்னே ஒன்னு. அடுத்தது வர ஒரு வாரமாகும்."

"மாடு?"

"ஒம்பது மாசமாச்சு. கிழடு. ரெண்டு பாதி விட்டா முக்கால் மடி நிறையும்."

"ரெண்டு பாதிதானே. உன் பாலுக்குக் காத்துக் கிடக்கறது எனக்கென்ன புதுசா?" என்று போனை வைத்துவிட்டார்.

மிரான் அழுதார். கையுறையோடு இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. கெட்டுப்போன குப்பியை ஈயத்துக்குப் பின்னால் ஆறப்போட்டுவிட்டு, மாட்டுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சீக்கிரம் கறந்தால் பால் பற்றாது. தாமதித்தால் படம் எடுத்து அறுவை டாக்டரிடம் சேர்க்க நேரம் பற்றாது. கறந்த பால் மடியேறாது என்பார்கள். வீணாக்கின பெப்டைடும் அப்படித்தான். மனசுக்குள் தன்னைத் திட்டத் தெரிந்த வார்த்தையெல்லாம் திட்டி முடித்தபோது ஒரு பாதிகூட ஆகியிருக்கவில்லை. போன் மறுபடி அடித்தது.

"இன்னைக்கு வந்த ஆளைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றார் ஓக்ஜின்.

மிரான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒரு பொம்பளை. அறுபத்திரெண்டு வயசு. மூஞ்சி மிளகாய்ப்பொடி தடவின மாதிரி செவந்து கிடக்கு. எல்லாரையும் அதட்டி வேலை வாங்கிப் பழகின மூஞ்சி. இங்க இருக்கற நாற்காலி சரியில்லைன்னு மூணு பேர்கிட்ட சொல்லிட்டா. இயந்திரத்தை ஓட்டற ஆள் படுக்கையை எப்படித் துடைக்கறான்னு எட்டி எட்டிப் பாக்கறா."

"ஒல்லியா, குண்டா?" மிரான் ஒருவழியாகக் கேட்டார்.

"குண்டாத்தான் இருந்திருப்பா. ஒரு மாசத்துல ஒல்லியாயிட்டா. கம்மிப் பால் போதும்." பிறகு குரல் இறங்கியது. "பயந்திருக்காடி. வெளிய காட்டிக்கல. ஆனா நல்லாப் பயந்திருக்கா."

"கறந்து அனுப்பறேன் அக்கா" என்றார் மிரான்.

இரண்டு பாதி முடிந்தது. மறுபடியும் முழங்கை வரை கழுவினார். இந்தத் தடவை மாட்டைத் தட்டவுமில்லை, பேசவுமில்லை. பால் வந்தது, கணக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. கடைசிப் பெப்டைடு, பத்து நிமிடச் சூடு, ஒரு சொட்டு, தாள். மேல் பாதியை எண்ணினார், கீழ்ப் பாதியை எண்ணினார். தொண்ணூற்றெட்டு. நம்பாமல் இன்னொரு தாள் வைத்தார். அதிலும் தொண்ணூற்றெட்டு.

ஊசி போட்டு, ஒரு மணி நேரம் உடம்பில் பரவவிட்டு, ஓக்ஜினை இயந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் மிரான் மாடி ஏறினார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், டாக்டர் நாமுக்குப் பின்னால் போய் நின்றார். திரையில் படம் மெல்ல மெல்ல மேலிருந்து இறங்கி வந்தது. மண்ணீரலும் சிறுநீரகங்களும் எல்லோருக்கும் எரிவதுபோல் எரிந்தன. ஈரல் வந்தது. டாக்டர் அதை நிறுத்தி, ஒவ்வொரு படலமாக மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார். ஈரல் முழுக்க ஒரே சீரான மங்கல். எதுவும் இல்லை. கணையத்தின் வால் பக்கம் வந்தபோது, அங்கே பட்டாணி அளவில் ஒரு புள்ளி நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"ஒன்னுதான்" என்றார் டாக்டர். இன்னொரு முறை தலையிலிருந்து தொடை வரைக்கும் பார்த்தார். "ஒன்னேதான் மேடம்." அறுவை டாக்டருக்குச் சொல்ல அடுத்த அறைக்கு நடந்தார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்கள் உள்ளே படுத்திருப்பவருக்கு எதையும் காட்டக் கூடாது. டாக்டர் உட்கார வைத்துச் சொல்லும்வரை கண்ணில்கூடத் தெரியக் கூடாது. அந்தச் சட்டத்தை இந்த அறையில் எல்லோரையும் அதட்டி அதட்டிப் பழக்கியவர் ஓக்ஜின்தான். சிரித்தாலும் குற்றம், பெருமூச்சு விட்டாலும் குற்றம் என்பார். இயந்திரத்தை ஓட்டியவர் இப்போதும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு படுக்கையை வெளியே நகர்த்தும் பொத்தானை அழுத்தினார்.

படுக்கை வெளியே வந்தது. கைகளைத் தலைக்கு மேல் கட்டியிருந்தார்கள். ஓக்ஜின் அசையவில்லை, கண்ணை மட்டும் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தார். மிரான் கண்ணாடிக்கு அருகே போய், வலது கையைத் தூக்கி, கண்ணாடியில் படும்படியாக ஒரு விரலை நீட்டிக் காட்டினார்.